முள் நகர்ந்த பியானோ

5

வெளிக்கதவில் பூட்டு விழுந்த சத்தம் கேட்டுத் தனம் திரும்பிப் பார்த்தாள். காதர் பாட்சா சாவியைக் கைலிமேல் கட்டியிருந்த பச்சை பெல்ட்டின் பைக்குள் போட்டு, பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தார். சாவி யாருடைய இடுப்பில் இருக்கிறது என்று கவனிப்பது, துப்பறியும் தொழிலுக்கு வருவதற்கு முன்பே அவளுக்குப் பழகிப்போன ஒன்று. அதற்கு ஒரு கல்யாணமும் ஒரு மாமியார் வீடும் காரணம். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா," என்றார் அவர். "பாஸ்போர்ட் கிடைக்கிற வரைக்கும் இந்த வூட்டுலேர்ந்து யாரும் வெளிய போறதில்லை. உங்க ரெண்டு பேரையும் சேர்த்துத்தான் சொல்றேன்."

தனத்தின் உதவியாளன் முத்தமிழ்செல்வன் அவள் காதருகே குனிந்தான். அரியலூரில் மினி பஸ் கண்டக்டராக இருந்தவன். படிக்கட்டில் தொங்கிய பழக்கத்தில் எந்த வாசலிலும் ஒரு காலை வெளியே வைத்துத்தான் நிற்பான். இப்போது இரண்டு காலும் உள்ளே மாட்டிக்கொண்டன.

"ஊரையே உள்ள ஏத்திக் கதவைச் சாத்துனவன்க்கா நான். இன்னிக்கு என்னைய ஏத்திச் சாத்திட்டாரு. விசிலும் அவருகிட்டயே இருக்கு."

தனம் பதில் சொல்லவில்லை. அவள் அப்படித்தான். அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், டயர் கடை மாடியில் இருக்கும் அவளுடைய ஆபீஸுக்கு வருகிறவர்கள், முதலில் அவளுக்குக் காது கேட்காதோ என்று நினைப்பார்கள். பிறகு அந்த அமைதி தாங்காமல் எல்லாவற்றையும் கொட்டிவிடுவார்கள்.

விஷயம் இதுதான். காதர் பாட்சாவின் மகள் ஃபஹ்மிதா அன்று இரவு திருச்சியில் விமானம் ஏற வேண்டியவள். ஷார்ஜாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் பியானோ சொல்லிக்கொடுக்கும் வேலை, ஒரு ஏஜென்ட் மூலமாக வந்தது. முந்தின இரவு பாஸ்போர்ட்டைக் கைப்பைக்குள் வைத்துவிட்டுப் படுத்தாள். காலையில் நாஷ்டா முடித்துவிட்டுப் பார்த்தபோது பை இருந்தது, பாஸ்போர்ட் இல்லை. வீட்டில் இருந்தவர்கள் காதர் பாட்சா, அவர் மனைவி ஜன்னத், ஃபஹ்மிதா, போன மாதம்தான் ஷார்ஜாவிலிருந்து திரும்பி வந்திருந்த அவள் அண்ணன் அல்தாப். இவர்களைத் தவிர இருந்த ஒரே வெளியாள் அறிவழகன், அரியலூரிலிருந்து பியானோ பழுது பார்க்க வந்தவர். ஊரைவிட்டுப் போவதற்கு முன் பியானோவைச் சரிசெய்து வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று ஃபஹ்மிதாதான் அவரை வரச்சொல்லியிருந்தாள்.

போலீஸுக்குப் போனால் லப்பைக்குடிக்காடு முழுக்கப் பேச்சாகிவிடும். பாஸ்போர்ட் தொலைந்தது என்று புகார் எழுதிக் கொடுத்துவிட்டால் அன்றைய விமானமும் இல்லை, அந்த வேலையும் இல்லை. அதனால்தான் முன்பு ஒரு சம்பந்தம் விசாரித்துக் கொடுத்த தனத்துக்கு அவர் போன் அடித்தார். மாலைத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொல்வதற்குள் கிடைக்காவிட்டால் அறிவழகனைத் தானே ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போவதாக அவர் முடிவு செய்து வைத்திருந்தார்.

பியானோ இருந்த அறைக்கு ஒரே ஒரு ஜன்னல். அதிலும் நெருக்கமான கம்பிகள். பங்குனி வெயில் கம்பிகளின் நிழலைத் தரையில் கோடு கோடாகப் போட்டிருந்தது. அந்தக் கோடுகளுக்கு நடுவில், பியானோவின் முக்காலியில் அறிவழகன் உட்கார்ந்திருந்தார். முழங்காலில் கை வைத்துக்கொண்டு, பரிசோதனைக்காகக் காத்திருக்கும் நோயாளி மாதிரி. அவருடைய பையைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தேடியிருந்தார்கள். சுருதி கூட்டும் சாவிகள், ஃபெல்ட் துண்டுகள், கம்பிச் சுருள்கள் எல்லாம் தரையில் கிடந்தன.

அல்தாப் அதன் பக்கத்தில் குந்தியிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தான். ஒல்லியான ஆள். வீட்டுக்கு வந்தவரை அவமானப்படுத்திவிட்டோமே என்ற கூச்சம் அவன் முதுகிலேயே தெரிந்தது. வைத்து முடித்து ஜிப்பை இழுத்தான். அது தடங்கல் இல்லாமல் மூடிக்கொண்டது.

அறிவழகன் பையைப் பார்த்தார். "இது இத்தன வருஷத்துல ஒரு நாளும் மூடினதில்லைங்க," என்றார்.

வீடு முழுக்கத் தேடியாகிவிட்டது என்று காதர் பாட்சா சொன்னார். அரிசி டிரம், மெத்தை, பீரோ, துணி மூட்டை எல்லாம். பியானோவின் மேல்மூடியைத் தூக்கிப் பார்த்தார்கள், கீழ்ப்பலகையைக் கழற்றிப் பார்த்தார்கள். பின்பக்கச் சுவரிடுக்கில் அல்தாப் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டான், ஒன்றும் இல்லை.

"அப்ப ஏன் இவர்தான் எடுத்தாருங்கறீங்க?" என்று தனம் கேட்டாள்.

"பொய் சொல்றாரும்மா. அதான். நேத்து ஒரு பேச்சு, இன்னிக்கு ஒரு பேச்சு."

இதைக் கேட்டதும் அறிவழகனின் முகம் சுருங்கியது. காலையிலிருந்து திருடன் என்று சொன்னபோதுகூட அப்படிச் சுருங்கியிருக்காது என்று தனத்துக்குத் தோன்றியது.

"திருடன்னு சொன்னாக்கூட ஸ்டேஷன்ல பேசிக்கலாங்க. அளக்கத் தெரியாதவன்னு சொல்றாரு. அதுக்கு நான் எங்க போய்ப் பேசறது?"

எதை அளந்தார் என்று அவள் கேட்டாள். அவர் எழுந்து, கழற்றி வைத்திருந்த கீழ்ப்பலகையின் இடத்தில் குனிந்து காட்டினார். உள்ளே கம்பிகள் மேலிருந்து கீழாக ஓடின. வழியில் ஒரு நீளமான மரக்கட்டை, பிரிட்ஜ் என்று சொல்வார்கள், அதன்மேல் ஏறி இறங்கித்தான் ஒவ்வொரு கம்பியும் போக வேண்டும். ஏறி இறங்கினால்தான் கட்டையை அழுத்தும். அந்த அழுத்தம்தான் எல்லாமே. கட்டை பின்னால் இருக்கிற பெரிய பலகையில் ஒட்டியிருக்கிறது. கம்பியின் நடுக்கம் கட்டை வழியாகப் பலகைக்குப் போய், அங்கிருந்துதான் சத்தமாக வெளியே வரும். அழுத்தம் இல்லாவிட்டால் கம்பி நடுங்கும், பலகை அசையாது, சுரம் தொண்டைக்குள்ளேயே நின்றுவிடும்.

அதை அளக்க அவரிடம் ஒரு கருவி இருந்தது. விரல் நீளத்துக்கு ஓர் இரும்புச் சட்டம், அதற்கு இரண்டு கால்கள், நடுவில் கடிகாரம் மாதிரி வட்டமும் ஒரு முள்ளும். கட்டைக்கு இரண்டு பக்கமும் கம்பிமேல் கால்களை ஊன்றி வைத்தால், நடுவில் கட்டை எவ்வளவு முட்டிக்கொண்டு நிற்கிறது என்று முள் சொல்லும்.

நேற்று அவர் அளந்தபோது இரண்டு ஓரங்களிலும் முள் நன்றாகவே நகர்ந்தது. நடுவில் மட்டும் அசையவே இல்லை. ஷார்ஜாவிலிருந்து அல்தாப் அனுப்பியிருந்த பியானோ, அங்கே ஏசி அறையில் இருந்துவிட்டு இந்த ஊர் வெயிலில் காய்ந்து நடுப்பலகை உள்வாங்கிவிட்டது, கம்பியெல்லாம் கழற்ற வேண்டிய பெரிய வேலை என்று காதர் பாட்சாவிடம் சொல்லிவிட்டு லாட்ஜுக்குப் போனார். இன்று காலையில் வந்து, வேலையைத் தொடங்குமுன் மறுபடி வைத்துப் பார்த்தார். நடுவில் முள் எகிறியது.

"அழுத்தம் வந்திருச்சு, பெரிய வேலை வேண்டாங்கன்னு வாயத் தொறந்து சொன்னேன். அதான் நான் செஞ்ச தப்பு."

"ராத்திரியோட ராத்திரியா பலகை எந்திரிச்சு நிக்குமா?" என்றார் காதர் பாட்சா. "இவரு வந்தது பியானோ பார்க்க இல்லம்மா. வூட்டை நோட்டம் பார்க்க."

அறிவழகனுக்கே தன் கருவிமேல் சந்தேகம் வந்துவிட்டிருந்தது. குன்னம் ரோட்டு வேகத்தடைகளில் வண்டி குதித்ததில் முள் கெட்டிருக்கும் என்று முணுமுணுத்தார்.

அப்போது கரண்ட் போயிற்று. மின்விசிறி மெதுவாகச் சுற்றி நின்றது. அறையில் இருந்த கொஞ்சக் காற்றையும் அது தன்னோடு எடுத்துக்கொண்டு போன மாதிரி இருந்தது. தனம் ஜன்னல் கம்பிகளைப் பார்த்தபடி நின்றாள். அவளுக்கு மூச்சு முட்டியது. பூட்டின வீட்டில் எப்போதும் முட்டும். அந்த நேரங்களில் அவள் ஒரே ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். இன்று அந்தச் சின்ன முள்.

பிறகு அவள் அறிவழகனிடம் திரும்பினாள்.

"ஓரத்துல இன்னிக்கு என்ன காட்டுச்சு?" என்று அவள் கேட்டாள்.

"நேத்து காட்டுன அதேதாங்க."

"அப்ப கருவி எப்படிக் கெட்டுச்சுன்னு சொல்றீங்க?"

அறிவழகன் கருவியைத் திருப்பிப் பார்த்தார். முத்தமிழ் எட்டிப் பார்த்து, இது என்ன எங்க முதலாளி டீசல் மீட்டரா, மேட்டுல மட்டும் பொய் சொல்ல என்றான்.

இருந்தாலும் தனம் ஒரு நூல்கண்டு கேட்டாள். ஜன்னத் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கையை மட்டும் நீட்டிக் கொடுத்தார். அறிவழகன் நடுக்கம்பி ஒன்றின்மேல் நூலை மேலிருந்து கட்டைவரை படியவைத்து, விறைப்பாக அப்படியே நேராகக் கீழே இழுத்துப் பிடித்தார். கட்டையைத் தாண்டியதும் கம்பி உள்ளே சரிந்தது. நூல் நேராக நின்றது. இரண்டுக்கும் நடுவில் மெல்லிய இடைவெளி தெரிந்தது. நூலுக்கு வேகத்தடை எதுவும் தெரியாது. கருவி சரி, முள் சரி, ஆளும் சரி.

"நேத்து இதே நூல் கம்பியோட ஒட்டிக்கிட்டுல்ல இருந்திருக்கும்," என்றார் அறிவழகன். முதல்முறையாக அவர் குரலில் கொஞ்சம் உயிர் வந்தது. மழை பெய்து ஈரம் ஏறினால் மரம் ஊதும், ஆனால் அப்படியானால் முழுப்பலகையும் அல்லவா ஊத வேண்டும் என்றார். மழை பெய்திருந்தால் தன் மனைவி மாடியில் காயும் வடகத்தை நனைய விட்டதற்காக இந்நேரம் தன்னை வீட்டைவிட்டு அனுப்பியிருப்பாள் என்று முத்தமிழ் உறுதி சொன்னான்.

தனம் காதர் பாட்சாவின் பக்கம் திரும்பினாள். "முள் நகர்ந்திருக்குன்னு இவர் எப்பங்க சொன்னாரு?"

"வந்ததும் வராததுமா. நான் டீ சொல்லக்கூட இல்லை. மக பாஸ்போர்ட்டக் காணோம்னு கத்துனது அப்புறம்தான்."

அவள் தலையாட்டிவிட்டு, ஃபஹ்மிதாவைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்றாள்.

ஃபஹ்மிதா தன் அறையில், கட்டி வைத்த பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம். அவள் பயந்தது பாஸ்போர்ட்டுக்காக மட்டுமில்லை. இந்த விமானம் போனால் இனி ஒரு தடவை வீட்டில் சம்மதம் கேட்க முடியாது என்பதற்காக. வேலைக்குச் சேர்ந்த பிறகு வாசிக்கப்போகும் பள்ளிக்கூட மண்டபத்தின் படத்தைப் போனில் காட்டினாள். பெரிய மண்டபம். படத்தில் ஒரு ஆள்கூட இல்லை.

காலையில் பியானோ வாசித்தாளா என்று தனம் கேட்டாள். விடிகாலையில் சுபுஹு தொழுதுவிட்டு மெதுவாகக் கொஞ்ச நேரம் வாசித்ததாகச் சொன்னாள். இந்த வீட்டில் கடைசித் தடவை என்பதால். அப்போது ஒரு வேடிக்கை நடந்தது. வந்த நாளிலிருந்து செத்துக்கிடந்த நடுச்சுரங்கள் அன்றைக்குப் பார்த்துக் கணீரென்று ஒலித்தன. நாம் கிளம்புவது அதற்குத் தெரிந்துவிட்டது போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாளாம்.

அதற்குள் அவள் போன் அடித்தது. மீன்சுருட்டி லாவண்யா. அதே ஏஜென்ட், அதே விமானம், அதே பள்ளிக்கூடம், ஓவிய டீச்சர் வேலை. திருச்சிக்குப் பஸ் ஏறிவிட்டதாகச் சொல்லிவிட்டு, நீ கிளம்பிட்டியா என்று கேட்டாள். ஃபஹ்மிதா, கிளம்பணும் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

தனம் பெட்டியைத் திறக்கச் சொன்னாள். காலையில் அதையும் குடைந்து தேடியிருந்தார்கள். ஆனால் உள்ளே ஒரு மடிப்பு கலைந்திருக்கவில்லை.

"அண்ணன்தான் திரும்பவும் அடுக்கிக் குடுத்தாரு. நான் கட்டினா ரெண்டு பெட்டி ஆகும். அவரு பாருங்க, ஷூவுக்குள்ளகூட சாக்ஸ் வச்சு அமுக்கிட்டாரு."

தனம் அந்த ஷூவை எடுத்துக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள். பிறகு இருந்த இடத்திலேயே வைக்கப் பார்த்தாள். அது மறுபடி உள்ளே போகவில்லை.

அவள் பியானோ அறைக்குத் திரும்பி வந்தபோது எல்லாரும் போட்டது போட்டபடி இருந்தார்கள். வெயிலின் கோடுகள் மட்டும் அறிவழகனின் காலைவிட்டு நகர்ந்து சுவரில் ஏறியிருந்தன.

"காத்தால இவர் வர்றதுக்கு முன்னாடியே இந்தப் பியானோவுல சத்தம் மாறியிருக்கு," என்றாள் தனம். "உங்க மக காதே சாட்சி. அப்ப முள் சொன்னது நெசம். ஓரத்துல எதுவும் மாறாம நடுவுல மட்டும் பலகை முன்னாடி வருதுன்னா, மரம் தானா வரலை. பின்னாடியிருந்து ஏதோ தள்ளுது. அதை வச்சது ராத்திரி. ராத்திரி இவர் இந்த வூட்டுல இல்லை."

காதர் பாட்சா சாவியிருந்த பையின்மேல் கை வைத்தார். அறிவழகன் இல்லையென்றால் வீட்டு ஆட்களில் ஒருவர்தான் என்ற கணக்கு அவருக்கும் தெரியும்.

"பின்னாடி நான் பார்த்தேங்க," என்றான் அல்தாப் மெதுவாக.

"பார்த்தீங்க. முத்தமிழு, கையை விடு."

பியானோவுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு கை நுழையும் இடம்தான் இருந்தது. பின்பக்கம் நெடுக்காகத் தடித்த தூண்கட்டைகள், அவற்றுக்குப் பின்னால்தான் பலகை. டார்ச் அடித்தால் கட்டைதான் தெரியும். முத்தமிழ் சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிக்கொண்டான். கூட்டத்தில் கடைசி சீட்டுக் கிழவி முந்தானையில் முடிந்து வைத்த சில்லறையையே நின்ற இடத்திலிருந்து வாங்கின கை இது என்று சொல்லிக்கொண்டே கன்னத்தைச் சுவரோடு ஒட்டித் துழாவினான். பிறகு அவன் பேச்சு நின்றது.

"இருக்குக்கா. கட்டைக்கும் பலகைக்கும் நடுவுல. ஆனா வரமாட்டேங்குது. ஆப்பு அடிச்ச மாதிரி நிக்குது."

அறிவழகன் கருவியை நடுக்கம்பியில் ஊன்றிக்கொண்டு குனிந்தார். முத்தமிழ் இரண்டு தடவை அசைத்து, மூன்றாவது இழுப்பில் பிடுங்கினான். எங்கோ உள்ளே மரம் முனகியது. எல்லாருடைய கண்ணும் முள்ளில் இருந்தது. அது சரிந்து, நேற்று நின்ற இடத்தில் போய் நின்றுகொண்டது.

கையில் வந்தது தலை துவட்டும் துண்டு ஒன்று. செங்கல் மாதிரி இறுக்கி மடித்து, பழுப்பு டேப் சுற்றியிருந்தது. உள்ளே பிளாஸ்டிக் உறை. உறைக்குள் பாஸ்போர்ட்.

ஃபஹ்மிதா அதை மார்போடு அணைத்துக்கொண்டாள். காதர் பாட்சா அறிவழகனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அறிவழகன், என் முள் சரியாத்தான் இருந்துச்சு என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

காதர் பாட்சா கண்ணைத் துடைத்துக்கொண்டு, யார் வைத்தார்கள் என்று தெரிய வேண்டாம் என்றார். கிடைத்துவிட்டது, கார் வரச்சொல்லியாகிவிட்டது, குடும்ப விஷயம் இதோடு இருக்கட்டும் என்றார். வழக்கு முடிந்தது என்று முத்தமிழ் சட்டைக் கையை இறக்கிவிட்டான். தனம் மட்டும் நகரவில்லை. அந்தத் துண்டை விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஜன்னத்தின் குரல் வந்தது.

"நான்தான் வச்சேன்."

அவர் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே வந்தார். பொட்டப் புள்ளைய அவ்வளவு தூரம் அனுப்ப மனசு வரவில்லை, அதனால் எடுத்து வைத்தேன் என்றார். ஃபஹ்மிதா தன் அம்மாவைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. கோபத்தைவிடக் கொடுமையான ஒன்று இருந்தது.

"எப்படிம்மா வச்சீங்க?" என்றாள் தனம்.

"எப்படின்னா? பின்னாடி போட்டேன்."

தனம் துண்டைப் பியானோவின் மூடிமேல் வைத்தாள்.

"ஒளிக்கிறவங்க போட்டுட்டுப் போயிடுவாங்கம்மா. போட்டிருந்தா இது அடியில விழுந்து கிடந்திருக்கும். பலகையத் தொட்டிருக்காது, முள் நகர்ந்திருக்காது, நாங்களும் கண்டுபிடிச்சிருக்க மாட்டோம். இது போட்டது இல்லை. ஆடக்கூடாதுன்னு இறுக்கினது. கப்பல்ல போற சாமான் மாதிரி."

யாரும் பேசவில்லை. தனம் அந்த அமைதியை அப்படியே விட்டுவைத்தாள். அவளுக்குத் தெரிந்த ஒரே ஆயுதம் அதுதான். மூடாத பையை மூடிய கை. ஷூவுக்குள் சாக்ஸை அமுக்கிய கை. எந்த இடுக்கையும் சும்மா விடத் தெரியாத கை. ஒளித்துவைக்கும்போதுகூட, பின்பக்கம் வெறும் மரச்சட்டம்தானே என்று நம்பி, வைத்த பொருள் குலுங்காமல் இருக்கட்டும் என்று ஆப்பு அடித்துவிட்டுப் போன கை.

அவள் யாருடைய பக்கமும் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் அவன் பேசியிருக்க மாட்டான்.

"அம்மா, நீங்க போங்க," என்றான் அல்தாப். "ராத்திரி நான் நடந்த சத்தத்தைக் கேட்டிருக்கீங்க, அவ்வளவுதான்."

ஜன்னத் போகவில்லை.

"தங்கச்சி மேல பொறாமையாடா?" என்றார் காதர் பாட்சா. "நீ ஷார்ஜாவுல சூப்பர்வைசரா இருந்துட்டு வந்தவன். அவ போகக்கூடாதா?"

அல்தாப் தரையைப் பார்த்தான். கட்டைவிரலின் அடியில் வரிவரியாக இருந்த பழைய வெட்டுத் தழும்புகளை இன்னொரு விரலால் தடவிக்கொண்டான். பேச ஆரம்பித்தபோது, யாரோ ஒருவனுடைய கதையைச் சொல்வது மாதிரித்தான் சொன்னான்.

அந்த ஏஜென்ட்தான் அவனையும் அனுப்பியது. ஆபீஸ் வேலை என்றார்கள். ஏர்போர்ட்டிலேயே ஒரு ஆள் வந்து, விசா அடிக்கணும் என்று பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டான். அதன்பிறகு அதை அவன் பார்க்கவில்லை. கார்கோ கோடவுனில் சாமான் கட்டுகிற வேலை. படுக்கை அதற்கு மேல்மாடி. ராத்திரியில் கீழ்க்கதவை வெளியே பூட்டுவார்கள். வாராவாரம் வெள்ளிக்கிழமை போனில் சூப்பர்வைசராகப் பேசுவான். யாரும் கேட்டு வராமல் ஒரு பியானோ கோடவுனில் கிடந்தபோது, அதைக் கொண்டுபோகிறாயா என்று முதலாளி சிரித்துக்கொண்டே கேட்டான். தங்கச்சிக்கு ஆகும் என்று அவனே கட்டி அனுப்பினான். கடைசியில் பாஸ்போர்ட்டுக்குப் பதிலாகத் தூதரகம் கொடுத்த ஒற்றைத் தாளில்தான் ஊர் வந்து சேர்ந்தான்.

"அங்க பள்ளிக்கூடம் எதுவும் இல்ல அத்தா. அந்த மண்டபம் வேற எதோ ஹோட்டல். சொன்னா, நான் யாருன்னும் சொல்லணும். அதுக்குப் பாஸ்போர்ட்டை எடுக்கிறது சுலபமா இருந்துச்சு." கொஞ்சம் நிறுத்தினான். "இவர்மேல பழி விழும்னு நினைக்கலை. விழுந்தப்புறமும் வாய் வரலை."

காதர் பாட்சா பியானோவைப் பார்த்தார். ஊரையெல்லாம் கூப்பிட்டு, என் மகன் அனுப்பியது என்று காட்டிய பியானோ. அவர் பெல்ட்டின் பொத்தானை அவிழ்த்துச் சாவியை எடுத்தார். வாசல் பக்கம் இரண்டு அடி வைத்தவர் நின்று, திரும்பி வந்து, அதை மகனின் தழும்பு விழுந்த கையில் வைத்தார்.

"நீ போய்த் தொற."

அல்தாப் சாவியை வைத்துக்கொண்டு நின்றான். ஃபஹ்மிதா பியானோவின் சுரக்கட்டைகளில் நடுவிலிருந்த ஒன்றை அழுத்தினாள். கட்டையில் தட்டின மாதிரி ஒரு மொட்டைச் சத்தம் வந்து அதே இடத்தில் செத்துப்போனது. அவள் இன்னும் ஒருமுறை அழுத்தினாள். பிறகு பாஸ்போர்ட்டை மூடிமேல் வைத்துவிட்டுப் போனை எடுத்தாள்.

அந்தப் பக்கம் பஸ் இரைச்சல் கேட்டது. லாவண்யா, நான் கீழப்பழுவூர் தாண்டிட்டேன், நீ எங்க இருக்கே என்று கத்திக்கொண்டிருந்தாள்.

ஃபஹ்மிதா போனை அண்ணனிடம் நீட்டினாள்.

"என்கிட்ட சொல்லாம ஒளிச்சு வச்ச மாதிரி அவகிட்ட முடியாது. நீங்களே சொல்லுங்க."

அல்தாப் தன் அத்தாவைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். அறிவழகன் முக்காலியில் இருந்து எழுந்துவிட்டார். தூரத்தில் பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்து, அஸர் பாங்கு ஆரம்பித்தது. தனம் பூட்டின கதவைப் பார்க்காமல் அவன் உதட்டையே பார்த்தாள்.

அவன் சாவியிருந்த கையாலேயே போனை வாங்கிக் காதில் வைத்தான்.

"நான் ஃபஹ்மிதாவோட அண்ணன் பேசறேம்மா. நீங்க அடுத்த ஸ்டாப்புல எறங்கிடுங்க. ஏன்னு கேளுங்க, சொல்றேன். நான் அங்க சூப்பர்வைசரா இல்லைம்மா."